தேயிலைக்கு நடுவே நிற்கும் காட்டுக்கும் பட்டியலில் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். வனப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2023-இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே எல்லைப்புறச் சாலைகள், ஆரவல்லி மலை என்று வடக்கே போய்விடுகிறோம். ஆனால் அந்தத் திருத்தம் எந்தத் தீர்ப்பை வலுவிழக்கச் செய்ததோ, அந்தத் தீர்ப்புக்குக் காரணமான மரங்கள் நின்றது நம் நீலகிரி மாவட்டத்துக் கூடலூரில். கேரளத்தின் நிலம்பூர் கோவிலகம் என்னும் அரச குடும்பத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு, ஒரு காலத்தில் கோவிலகத்தின் ஜென்ம நிலமாக, அதாவது பரம்பரை உடைமையாக, இருந்த காடுகள் வெட்டப்படுவதைத் தடுக்கக் கோரி 1995-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1996 டிசம்பர் 12-இல் வந்த உத்தரவு, காடு என்றால் எது என்பதற்கு நாடு முழுமைக்கும் விடை சொன்னது.

அகராதியில் காடு என்ற சொல்லுக்கு என்ன பொருளோ அதுவே சட்டத்துக்கும் பொருள். அரசு ஆவணத்தில் காடு என்று எழுதப்பட்ட நிலமும் காடுதான். பட்டா யார் பெயரில் இருந்தாலும் சரி, மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் அந்த நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றக் கூடாது. உத்தரவின் சாரம் இவ்வளவுதான். ஒரு மாதத்துக்குள் வல்லுநர் குழு அமைத்து இத்தகைய நிலங்களை அடையாளம் காணும்படி மாநிலங்களுக்கும் அது ஆணையிட்டது. காப்புக்காடு என்ற அறிவிக்கை இல்லாமலே காடாக நிற்கும் நிலங்களைக் ‘கருதப்படும் காடு’ என்று அழைப்பது அப்போதிருந்துதான்.

2023 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் 1ஏ என்ற புதிய பிரிவைச் சேர்த்தது. அதன்படி இரண்டு வகை நிலத்துக்கு மட்டுமே சட்டத்தின் காப்பு உண்டு. ஒன்று, இந்திய வனச் சட்டத்தின் கீழோ வேறு சட்டத்தின் கீழோ காடு என்று அறிவிக்கப்பட்ட நிலம். மற்றொன்று, சட்டம் நடைமுறைக்கு வந்த 1980 அக்டோபர் 25 அன்றோ அதற்குப் பிறகோ அரசு ஆவணத்தில் காடு என்று பதிவான நிலம். இந்த இரண்டிலும் சேராத நிலத்தில் நூறு வயதுப் பலா நிற்கலாம், யானை கன்று ஈனலாம். இந்தச் சட்டத்தின் கண்ணுக்கு அது காடில்லை.

திருத்தத்தை எதிர்த்து ஓய்வுபெற்ற வனத்துறை அதிகாரிகள் உள்ளிட்டோர் தொடுத்த வழக்கில், ஏறத்தாழ 1.97 லட்சம் சதுர கிலோமீட்டர் காடு காப்பை இழக்கும் என்று வாதிடப்பட்டது. 2024 பிப்ரவரி 19-இல் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு ஒன்றைப் பிறப்பித்தது. இச்சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட 2023-ஆம் ஆண்டு விதிகளில் 16-ஆவது விதியின்படி மாநிலங்கள் தங்கள் காட்டு நிலங்களின் ஒருங்கிணைந்த பதிவேட்டைத் தயாரித்து முடிக்கும்வரை 1996-ஆம் ஆண்டின் அகராதிப் பொருளே தொடரும் என்றது. பிறகு 2025 மார்ச் 4-இல், ஒரு மாதத்துக்குள் குழு, ஆறு மாதத்துக்குள் பதிவேடு என்று கெடுவும் வைத்தது.

‘தயாரித்து முடிக்கும்வரை’ என்ற சொற்களைத்தான் நாம் கவனிக்க வேண்டும். பதிவேடு முடிந்தால் அகராதிப் பொருளின் காவலும் முடிந்துவிடும். அதன் பிறகு பதிவேட்டில் எந்த நிலம் இருக்கிறதோ அதுவே காடு. ஆகவே நம் கவலை தில்லியில் நடக்கும் வழக்கோடு நின்றுவிடக் கூடாது. வட்டாட்சியர் அலுவலகத்திலும் வனச்சரகத்திலும் எழுதப்படும் பட்டியலில் எந்தப் புல எண் (சர்வே எண்) ஏறுகிறது, எது விடுபடுகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு இதில் தனிப் பொறுப்பு ஒன்று உண்டு. 1996 உத்தரவில் நம் மாநிலத்துக்கென்றே சில பத்திகள் இருக்கின்றன. தேயிலை, காப்பி, ஏலத் தோட்டங்களில் நிழல் மரம் வெட்டுவதானால் நட்டு வளர்த்த மரத்தை மட்டுமே வெட்டலாம், தானாக முளைத்து வளர்ந்த மரத்தைத் தொடக் கூடாது. அதுவும் டான்டீ என்னும் அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தின் அறிக்கை சொல்லும் இனங்களில், சொல்லும் அளவுக்கு மட்டும். தோட்டத்துக்குள் காடாக நிற்கிற, தோட்டப் பயிருக்குப் பயன்படாத பகுதிகள் எவை என்று மாநில அரசு கண்டறிய வேண்டும். அங்கே ஒரு மரமும் வெட்டக் கூடாது. காட்டை அழித்துத் தோட்டத்தை விரிக்கவும் கூடாது. இவ்வளவும் அந்தப் பத்திகளில் உள்ளவை. மற்ற மாநிலங்கள் இப்போதுதான் தேடத் தொடங்கும் இலக்கணம் நம் கையில் 1996 முதலே இருக்கிறது.

தோட்டத்துக்குள் நிற்கும் காடு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு வால்பாறையைப் பார்த்தால் போதும். ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர் பீடபூமி. சுற்றிலும் ஆனைமலை, பறம்பிக்குளம் காடுகள். நடுவில் தேயிலையும் காப்பியும். அவற்றுக்கிடையே தீவுகள்போலச் சோலைத் துண்டுகளும் ஓடையோர மரப்பட்டைகளும். சோலைமந்தி என்னும் சிங்கவால் குரங்கு மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. புதுத்தோட்டம் போன்ற சோலைத் துண்டுகளில் அது கூட்டமாக வாழ்கிறது. மரத்திலேயே பிறந்து மரத்திலேயே வாழும் விலங்கு அது. கிளையோடு கிளை தொட்டுக்கொண்டிருந்தால்தான் அதற்கு வழி. சாலையோரத்தில் நாலு மரம் போனால் வழி அறுந்து தரையில் இறங்குகிறது, வண்டியில் அடிபடுகிறது, தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டுக் கூரையைப் பிரித்துச் சோற்றுப் பானையைத் தேடுகிறது. சாலைக்கு மேலே பாலம் கட்டிக் கடக்கவிடும் முயற்சியால் பலன் உண்டு. ஆனால் பாலத்தின் இரு முனைகளிலும் மரம் வேண்டுமே.

யானைக்கும் இதே கணக்குத்தான். வால்பாறையில் யானைகள் பகல் பொழுதைக் கழிக்க ஓடையோர மரப்பட்டைகளையே நாடுகின்றன. இரவில் தோட்டங்களைக் கடந்து போகின்றன. ஒரு பட்டையை வெட்டிவிட்டால் யானை வராமல் போய்விடும் என்று கணக்குப் போடுவது தவறு. வழி மாறாது, ஒதுங்கும் இடம்தான் போய்விடும். விடியற்காலையில் கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் வரும் பாதையில் யானை நிற்கும். ரேஷன் கடையின் சுவர் இடியும். ஓடையோரக் காட்டை வெட்டுவதால் ஏறுவது அந்தத் தொழிலாளர்களின் உயிர் ஆபத்துதான்.

இருவாச்சிப் பறவைக்கு வேண்டியது வயதான மரம். தானாக மரத்தைக் குடைந்து பொந்து செய்துகொள்ள அதற்குத் தெரியாது. பெரிய மரத்தில் இயல்பாக உண்டான பொந்துக்குள் பெட்டை புகுந்து வாயிலை எச்சத்தாலும் உணவுத் துணுக்குகளாலும் அடைத்துக்கொள்ளும். சிறு பிளவு வழியாகச் சேவல் மாதக்கணக்கில் பழம் ஊட்டும். அதே மரத்துக்கு ஆண்டுதோறும் திரும்பி வரும். அந்த மரத்தையோ சுற்றிலும் உள்ள அத்தி, ஆல் இனங்களையோ வெட்டிவிட்டு, ஈடாக வேறொரு மாவட்டத்தில் பத்தாயிரம் கன்று நட்டோம் என்றால் அது எந்த வகையில் ஈடு? கன்றில் பொந்து விழ எத்தனை தலைமுறை ஆகும்?

இந்தக் காடுகள் ஒரே நாளில் விழுவதில்லை. முதலில் அடிக்காடு வெட்டப்படும். சுத்தம் செய்வதாகச் சொல்வார்கள். நாற்றுகள் அத்தனையும் அதில் போய்விடும். அடுத்து கொடிகளை அறுப்பார்கள். பிறகு நிழலைக் குறைக்கவென்று பழைய மரங்களின் கிளைகளைக் கழித்துவிட்டு இடையிடையே சில்வர் ஓக் நடுவார்கள். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பழைய மரங்கள் காற்றில் சாயும்போது அவற்றின் இடத்தைப் பிடிக்க வாரிசு இருக்காது. செயற்கைக்கோள் படத்தில் மட்டும் அந்த இடம் பச்சையாகவே தெரியும். இந்திய வன அளவை நிறுவனம் ஒரு ஹெக்டேருக்குக் குறையாத பரப்பில் மரக்கவிகை, அதாவது மர உச்சிகள் மூடும் பரப்பு, 10 விழுக்காடு இருந்தால், எந்த மரமாக இருந்தாலும், வனப்பரப்பாகக் கணக்கிடுகிறது. வனப்பரப்பு கூடியது என்ற செய்தியும் சோலைமந்தியின் கிளைவழி அறுந்தது என்ற செய்தியும் ஒரே ஆண்டில், ஒரே இடத்திலிருந்து வர முடிவது இதனால்தான்.

திருத்தத்தில் உள்ள விலக்குகளில் நாட்டின் எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள் வரும் பாதுகாப்புத் திட்டங்களுக்கான விலக்கைப் பற்றியே அதிகம் பேசப்பட்டது. மலைச்சாலை உள்ள நமக்கு அதைவிட அருகில் நிற்பது 0.10 ஹெக்டேர் விலக்கு. அரசு பராமரிக்கும் சாலையையோ ரயில் பாதையையோ ஒட்டிய காட்டு நிலத்தில், குடியிருப்புக்கோ சாலையோர வசதிக்கோ வழி அமைக்க, ஒவ்வொரு தடவையும் 0.10 ஹெக்டேர் வரை அனுமதி தேவையில்லை. அது ஏறக்குறைய 25 சென்ட். ஒன்றைத் தனியே பார்த்தால் சிறிதுதான். ஒரு கொண்டைஊசி வளைவுக்கும் அடுத்ததற்கும் இடையே நாலு பேர் ஆளுக்கு 25 சென்ட் எடுத்தால் சாலையின் இருபுறமும் கிளைகள் தொடும் இடமே மிஞ்சாது. ‘ஒவ்வொரு தடவையும்’ என்று எழுதியவர்கள் மொத்தம் எவ்வளவு, இரண்டுக்கு நடுவே எவ்வளவு தொலைவு என்று வரம்பு எழுதவில்லை. மாநில அரசு தன் அளவிலேனும் அந்த வரம்பை வைக்கலாம்.

மத்திய அரசு சொல்லும் காரணத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். மரம் நட்டால் நிலம் காடாகக் கருதப்பட்டு முடங்கிவிடும் என்று உழவர்கள் அஞ்சுகிறார்கள், அந்த அச்சத்தைப் போக்கவே திருத்தம் என்கிறார்கள். அச்சம் உண்மைதான். தேக்கும் மலைவேம்பும் நட்டவர் வெட்ட முடியாமல் அலைந்தால் அது அநீதி. ஆனால் அதற்கு மருந்து, ‘நட்டு வளர்த்த மரத்துக்கு இச்சட்டம் பொருந்தாது’ என்ற ஒரு வரி. நட்ட மரம், தானாக வளர்ந்த மரம் என்ற பிரிவினையைத் தமிழ்நாட்டுத் தோட்டங்களுக்காக நீதிமன்றம் 1996-லேயே செய்து வைத்திருந்தது. அந்த வரியை எழுதாமல், தானாக வளர்ந்த காட்டையும் சேர்த்து வெளியே தள்ளியதைத்தான் ஏற்க முடியவில்லை.

பட்டியல் போடுவதில் எங்கே பிசகும் என்பதற்கு அண்டை மாநிலத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. கருநாடகத்தில் 9.94 லட்சம் ஹெக்டேராக இருந்த கருதப்படும் காடு, 2022 மே மாத அறிவிக்கையில் 3.3 லட்சம் ஹெக்டேராகச் சுருங்கியது. அரியானா 2025 ஆகஸ்டில் வகுத்த இலக்கணமோ இன்னும் கடுமை. தனித்து நிற்கும் நிலமானால் 5 ஹெக்டேர், அறிவிக்கப்பட்ட காட்டை ஒட்டியதானால் 2 ஹெக்டேர் இருக்க வேண்டும். மரக்கவிகை 40 விழுக்காடு வேண்டும். வன அளவை நிறுவனத்தின் பகுப்பில் 10 முதல் 40 விழுக்காடு வரை ‘திறந்த காடு’. அந்த வகை முழுவதையும் ஒரே எண்ணால் கழித்துவிட்டார்கள்.

அதே அளவுகோல் இங்கே வந்தால் முதலில் அடிபடுவது மசினகுடியைச் சூழ்ந்த சீகூர் பீடபூமி போன்ற முட்காடுகள். வெள்வேல், உசில், கிளுவை நிற்கும் வறண்ட நிலம் அது. கோடையில் இலை உதிர்ந்து மொட்டையாகத் தெரியும். கிழக்கு மலைத் தொடருக்கும் மேற்கு மலைத் தொடருக்கும் இடையே யானைகள் போய்வரும் வழி அது. பாறுக் கழுகுகள் இரை தேடிப் பறக்கும் வெளியும் அதுவே. அவற்றில் வெண்முதுகுப் பாறு அழிவின் விளிம்பில் இருக்கும் பறவை. சீகூரில் தனியார் நிலங்களையும் உள்ளடக்கி யானை வழித்தடத்தை அறிவித்த 2010 ஆகஸ்ட் 31-ஆம் நாள் அறிவிக்கை செல்லும் என்று 2020 அக்டோபர் 14-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. வழித்தடமாக நீதிமன்றம் ஏற்ற மண்ணில் உள்ள முட்காடு, மரம் அடர்த்தியாக இல்லை என்பதற்காகக் காட்டுப் பட்டியலில் விடுபடுமானால் அது பெரும் முரண்.

ஆகவே தமிழ்நாட்டுப் பதிவேட்டுக்கு அடர்த்தி வரம்பு 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. சோலைத் துண்டுக்கும் ஓடையோரப் பட்டைக்கும் குறைந்தபட்சப் பரப்பு என்று எதுவும் வேண்டாம். நீளமாகவும் ஒல்லியாகவும் இருப்பது ஓடையோரக் காட்டின் இயல்பு. இலையுதிர் காடுகளுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை எடுத்த செயற்கைக்கோள் படத்தையே சான்றாகக் கொள்ள வேண்டும். மார்ச் மாதப் படத்தை வைத்து முட்காட்டைத் தரிசு என்று எழுதிவிடலாகாது. படத்தை மட்டும் நம்பாமல் தரையில் நடந்து பார்த்து, நட்ட மரம் எது, தானாக வளர்ந்தது எது என்று பிரித்து எழுத வேண்டும். புல்வெளியை எப்படிச் சேர்ப்பது என்பது தனிச் சிக்கல். அகராதி அதைக் காடென்று சொல்லாது. வரையாடு அங்கேதான் மேய்கிறது. சோலையும் புல்வெளியும் ஒரே நிலத்தில் கலந்து கிடந்தால் முழுப் புல எண்ணையும் சேர்ப்பதே அதற்கு வழி.

இந்த வேலையில் வாசகர்களுக்கும் பங்கு உண்டு. உங்கள் ஊரில் காடென்று நீங்கள் அறிந்த நிலத்தின் புல எண்ணைக் கிராம நிர்வாக அலுவலரிடமோ அரசின் இணையச் சேவையிலோ எடுத்து, வருவாய்த் துறையின் நிலக் கணக்கான அ-பதிவேட்டில் அது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ‘காடு’ என்று இருந்தால் அந்த நகல் பொன்னுக்குச் சமம். பெரும்பாலும் ‘தீர்வை ஏற்பட்ட தரிசு’, ‘தீர்வை ஏற்படாத தரிசு’, ‘மேய்க்கால் புறம்போக்கு’, அல்லது பட்டாதாரர் பெயரில் ‘புன்செய்’ என்றே இருக்கும். குழப்பத்துக்கு வித்து இங்கேதான் இருக்கிறது. வருவாய்த் துறைக்கு நிலம் வரி தருகிறதா இல்லையா என்பது கணக்கு; அதில் என்ன வளர்கிறது என்பது கணக்கில்லை. தரிசு என்று எழுதிய இடத்தில் நல்ல சோலை நிற்பதுண்டு. பழைய பதிவேட்டில் காடென்றும் மறுநில அளவைக்குப் பின் வேறாகவும் இருந்தால் இரண்டு நகலையும் எடுத்து வையுங்கள். புலப்படத்தையும் சேர்த்து எடுங்கள். எல்லைத் தகராறு வரும்போது அது இல்லாமல் எதுவும் நிற்காது.

அரசு ஆவணம் என்றால் வருவாய், வனத்துறை ஆவணங்கள் மட்டும் அல்ல. உள்ளாட்சி அமைப்பின் பதிவும் அதில் அடங்கும் என்று திருத்தச் சட்டமே விளக்கம் தருகிறது. இதைப் பலர் கவனிக்கவில்லை. ஊராட்சிதோறும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு இருக்க வேண்டும். அதில் இந்த நிலம் காடு, இன்னின்ன உயிர்கள் வாழ்கின்றன என்று புல எண்ணோடு எழுதியிருந்தால் அதைச் சான்றாக வைத்து வாதிட இடமுண்டு. புல எண் இல்லாமல் ‘மேற்கே உள்ள சோலை’ என்று எழுதினால் பயனில்லை. கிராம சபைத் தீர்மானமும் அப்படியே.

பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மாவட்ட வன அலுவலகத்துக்கும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் தனித்தனி மனு போடலாம். 1996 உத்தரவுக்குப் பின் அமைந்த வல்லுநர் குழுவின் அறிக்கை, அதில் நம் வட்டத்துக்கான புல எண் பட்டியல், தோட்டங்களுக்குள் காடென அடையாளம் கண்ட பகுதிகள், 16-ஆவது விதிப் பதிவேட்டின் வரைவு என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். பொதுவாக ‘காடுகள் பற்றிய விவரம்’ என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். 30 நாளில் விடை வரவில்லையானால் முதல் மேல்முறையீடு. கையில் சேர்ந்த நகல்களோடு, நிலத்தைப் பட்டியலில் சேர்க்கக் கோரும் மனுவைச் சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும் வகையில் விரைவஞ்சலில் அனுப்புங்கள். பின்னாளில் நீதிமன்றம் போக நேர்ந்தால் அந்தச் சான்று வேண்டும்.

இப்படி ஒரு பட்டியல் வந்தால் எங்களை வெளியேற்றிவிடுவார்களோ என்று கூடலூரிலும் பந்தலூரிலும் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை ஒதுக்கிவிடக் கூடாது. 2024 ஏப்ரலில் 42 யானை வழித்தடங்களைக் காட்டும் வரைவு அறிக்கை ஆங்கிலத்தில் வந்தது. கருத்துச் சொல்லக் கொடுத்தது சில நாள்களே. தேயிலைச் சிறு விவசாயியும் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தொழிலாளியும் பழங்குடியினரும் கொதித்ததில் வியப்பில்லை. வனப் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்துவது காட்டு நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதை. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தரும் உரிமைகளை அது பறிப்பதில்லை. பார்க்கப்போனால் காட்டின் காப்பைத் தளர்த்தும் கைதான் மக்களின் உரிமையையும் தளர்த்துகிறது: அதே சட்டத்தின் கீழ் வந்த 2022-ஆம் ஆண்டு விதிகள், மத்திய அரசு அனுமதி வழங்கும் முன்பே கிராம சபையின் ஒப்புதலை உறுதிசெய்ய வேண்டும் என்ற கட்டாயத்தை எடுத்துவிட்டு, அந்தப் பொறுப்பைப் பின்னால் மாநிலத்தின் தலையில் கட்டின.

எனவே தமிழ்நாடு அரசிடம் நாம் கேட்பது இது. பதிவேட்டை உச்ச நீதிமன்றத்தில் கொடுத்த கையோடு முடிந்ததென்று விடாமல், கிராமம் கிராமமாக, புல எண்ணும் பரப்பும் வரைபடமுமாக, தமிழில் வெளியிடுங்கள். ஊராட்சி அலுவலகத்திலும் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பிலும் ஒட்டி, ஆட்சேபம் சொல்லவும் விடுபட்டதைச் சேர்க்கச் சொல்லவும் குறைந்தது 60 நாள் கொடுங்கள். முதலில் எடுக்க வேண்டியது 1996 உத்தரவு தமிழ்நாட்டுக்கென்று இட்ட வேலை: வால்பாறையிலும் நீலகிரியிலும் உள்ள தோட்டங்களுக்குள், பயிர் செய்யாமல் காடாக நிற்கும் பகுதிகளின் முழுப் பட்டியல். குத்தகைக் காலம் முடியும் தோட்டங்களில் இந்த அளவை முடியும்வரை எந்தப் புதுப்பிப்பும் நிலப்பயன் மாற்றமும் கூடாது.

இப்படிக்கு,
வாசகர், பொள்ளாச்சி